பத்து ரூபாய் பல்பு: புதுச்சேரியில் தொடங்கிய ஒரு மின்சாரக் கணக்கு

2014 தொடக்கத்தில் புதுச்சேரி மின்துறையின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பண்டமாற்று வாய்ப்பு வந்தது. வீட்டில் எரிகிற 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், பத்து ரூபாய் கொடுங்கள், 7 வாட் எல்இடி பல்பு ஒன்றை வாங்கிப் போங்கள். வீட்டுக்கு மூன்று பல்பு வரை. அப்போது கடையில் எல்இடி பல்பு என்றால் முந்நூறு, நானூறு ரூபாய். குண்டு பல்பு பத்து, பதினைந்துக்கே கிடைத்தது. மளிகைக் கடையில் தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

இந்தச் சின்ன ஊர் முயற்சிதான் அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகளாக விரிந்தது. அரசு அதற்குப் பின்னாளில் வைத்த பெயர் உஜாலா. நம் ஊரில் உஜாலா என்றால் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம்தான் நினைவுக்கு வரும், அதனால் இந்தப் பெயர் தமிழ்நாட்டில் கடைசி வரை ஒட்டவில்லை. அது போகட்டும். இந்தக் கதையில் எல்லாரும் பேசுவது பல்பின் தொழில்நுட்பத்தை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பணத்தை முதலில் யார் போட்டார்கள், பழைய பல்பு எங்கே போனது என்கிற இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு இந்தத் திட்டம் கண்டுபிடித்த பதில் அசாத்தியமானது. இரண்டாவது கேள்வியைப் பாதி வழியிலேயே கைவிட்டுவிட்டது.

யாருக்கு என்ன லாபம்

முதலில் வீட்டுக்காரர் கணக்கு. 60 வாட்டுக்குப் பதில் 7 வாட் என்றால் 53 வாட் மிச்சம். நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 97 யூனிட். யூனிட் மூன்று ரூபாய் என்று வைத்தாலும் 290 ரூபாய். அதாவது 310 ரூபாய் கொடுத்துக் கடையில் வாங்கியிருந்தாலும் ஒரு வருஷத்தில் போட்ட பணம் கிட்டத்தட்ட திரும்பி வந்துவிடும். இவ்வளவு நல்ல முதலீடு வேறு எங்கே கிடைக்கும்? ஆனாலும் யாரும் வாங்கவில்லை.

காரணம் தெரிந்ததுதான். பல்பு ஃபியூஸ் போவது பெரும்பாலும் மாசக் கடைசியில்தான் நடக்கும் என்பது ஒரு பக்கம். கையில் இருபது ரூபாய் இருக்கிறவரிடம் அடுத்த வருஷம் மிச்சமாகப் போகிற 290 ரூபாயைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வாடகை வீடாக இருந்தால் இன்னும் சிக்கல். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீட்டு உரிமையாளருக்கு, குடியிருப்பவர் குறைவாக எரிப்பதில் ஒரு அக்கறையும் இல்லை. அரசு மானியத்தில் யூனிட் ஒரு ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு லாபமும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறதோ அவர் கையில் பல்பு இல்லை. பல்பு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அவசியம் இல்லை.

அந்த அவசியம் இருந்தது மின்துறைக்கு. புதுச்சேரிக்குச் சொந்தமாகப் பெரிய மின்நிலையம் கிடையாது. காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று உண்டு, மற்றபடி கிட்டத்தட்ட எல்லாமே வெளியிலிருந்து வாங்குகிற மின்சாரம். அதிலும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை, எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிற நேரத்து மின்சாரத்துக்குத்தான் நெருக்கடி. வீடுகளுக்குக் கம்மி விலையில் விற்கிற ஒவ்வொரு யூனிட்டும் மின்துறைக்கு நஷ்டக் கணக்கு. அந்த யூனிட் செலவாகாமலே போனால்? மின்துறைக்கு நேரடி லாபம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதுச்சேரியில் விநியோகிக்கப்பட்டது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பல்புகள். ஏழு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். பல்புக்கு 53 வாட் மிச்சம் என்றால், எல்லாம் ஒரே நேரத்தில் எரியும்போது குறைகிற சுமை 37 மெகாவாட். காரைக்கால் நிலையத்தின் மொத்தத் திறனைவிட அதிகம். பாதிப் பல்புகள்தான் எரிகின்றன என்றாலும் 18 மெகாவாட்டுக்கு மேல் வரும். ஒரு மின்நிலையத்தின் பாதியை அட்டைப் பெட்டியில் அடைத்து வீடு வீடாகக் கொடுத்த மாதிரி.

இதை நடத்தியது எனர்ஜி எஃபிஷியன்ஸி சர்வீசஸ் லிமிடெட், சுருக்கமாக இஇஎஸ்எல். என்டிபிசி, பவர் கிரிட், பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், ஆர்இசி ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009 டிசம்பரில் தொடங்கிய கூட்டு நிறுவனம். பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது இஇஎஸ்எல். வீட்டுக்காரர் பத்து ரூபாய் கொடுத்தார். மீதி முந்நூறை இஇஎஸ்எல் முதலில் போட்டது. மின்துறை, மின்சாரம் வாங்கும் செலவில் மிச்சமாகிற தொகையிலிருந்து அதைப் பல வருஷத் தவணையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இதை ஒத்துக்கொண்டது. வீட்டுக்காரருக்குப் பத்து ரூபாய் பல்பு. மின்துறைக்கு ஒரு தவணைக் கடன், அதை அடைக்க அதே பல்பு கொடுக்கிற மிச்சம்.

பழைய பல்பைத் திருப்பி வாங்கியதற்கும் காரணம் உண்டு. வாங்காமல் விட்டால், கழற்றின குண்டு பல்பு குப்பைக்குப் போகாது. நம் வீடுகளில் எரிகிற பொருளைத் தூக்கிப் போடுகிற வழக்கமே இல்லை. கூடத்தில் எல்இடி வரும், கூடத்திலிருந்த குண்டு பல்பு கொல்லைப்புறத்துக்கோ குளியலறைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ போகும். மொத்தத்தில் கரன்ட் செலவு கூடும். அதனால் கையில் வாங்கி உடைத்துவிடுவதுதான் உத்தமம்.

முன்பு ஒரு தடவை சறுக்கினது

புதுச்சேரிக்கு ஐந்து வருஷம் முன்பு, 2009 வாக்கில், பச்சத் லேம்ப் யோஜனா என்று ஒரு திட்டம் வந்திருந்தது. பச்சத் என்றால் சேமிப்பு. அதில் கொடுத்தது சிஎஃப்எல், அதாவது வளைந்த குட்டி ட்யூப்லைட் மாதிரியான விளக்கு. குண்டு பல்பு விலையான பதினைந்து ரூபாய்க்கே சிஎஃப்எல் கொடுப்பார்கள். விலை வித்தியாசத்தைச் சர்வதேசக் கார்பன் சந்தையில் கிடைக்கிற பணத்தால் ஈடுகட்டலாம் என்பது யோசனை. குறைந்த மின்சாரம், குறைந்த நிலக்கரி, குறைந்த புகை. அந்தக் குறைவுக்கு ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழை ஐரோப்பாவில் யாராவது வாங்குவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுமார் மூன்று கோடி விளக்குகள் வரை போனது. அப்புறம் கார்பன் சான்றிதழ் விலை தரைமட்டமானது, திட்டமும் அதோடு படுத்துவிட்டது. கரன்ட் மிச்சமானது நிஜம், ஆனால் அந்த மிச்சத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் எங்கேயோ ஐரோப்பாவில் இருந்தார். புதுச்சேரியில் செய்த மாற்றம் இதுதான்: பணம் கொடுக்க வேண்டியவரை உள்ளூருக்கே கொண்டு வந்தார்கள். யாருக்கு மிச்சமோ அவரே தவணை கட்டட்டும்.

இதற்கிடையில் விளக்கே மாறியிருந்தது. லூமென் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. குண்டு பல்பு ஒரு வாட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து லூமென் வெளிச்சம் தரும், மிச்சமெல்லாம் சூடு. கோழிக்குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கப் பண்ணைகளில் குண்டு பல்பு மாட்டுவது சும்மா இல்லை. சிஎஃப்எல் ஐம்பது, அறுபது லூமென். உஜாலாவில் வந்த 9 வாட் எல்இடி ஏறத்தாழ நூறு. சிஎஃப்எல்லில் சில மில்லிகிராம் பாதரசமும் இருக்கும், உடைந்தால் தொல்லை. எல்இடியில் அந்தப் பயம் இல்லை. வெள்ளை எல்இடியைச் சாத்தியமாக்கிய நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டதும் அதே 2014தான்.

310 எப்படி 38 ஆனது

2014 பிப்ரவரியில் 310 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பரில் 204. 2015 தொடக்கத்தில் 104 ரூபாய் சொச்சம். 2015 நடுவில் 73. 2016 மார்ச்சில் 54 ரூபாய் 90 காசு. அதே ஆண்டு நடுவில் 38. இது கடை விலை இல்லை, இஇஎஸ்எல் கொள்முதல் செய்த விலை. அதுவும் 7 வாட்டிலிருந்து 9 வாட்டுக்குப் போன பிறகு. இரண்டரை வருஷத்தில் எட்டில் ஒரு பங்கு.

உலகச் சந்தையிலும் எல்இடி சிப் விலை அப்போது விழுந்துகொண்டுதான் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் இங்கே பல்பு விலை உலகப் போக்கைவிட வேகமாகச் சரிந்தது. இங்கே மட்டும் ஏன்?

டெண்டர் விட்ட விதம் ஒரு காரணம். ஒரே பெரிய ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்கு ஒரே கம்பெனிக்குக் கொடுத்திருந்தால் 2014 விலையிலேயே மாட்டியிருப்போம். இவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை புது டெண்டர் விட்டார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை பெருகியது. லட்சத்தில் தொடங்கி கோடியில் போய் நின்றது. மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு மட்டும் முழுவதையும் கொடுக்கவும் இல்லை. அந்த விலைக்கு ஒத்துக்கொள்ளும் மற்ற கம்பெனிகளுக்கும் ஒரு பங்கு பிரித்தார்கள். அதனால் தோற்ற கம்பெனியும் வெளியே போகவில்லை, அடுத்த டெண்டருக்கு இன்னும் இறங்கி வந்தது. கோடிக்கணக்கில் ஆர்டர் உறுதி என்று தெரிந்ததும் இங்கேயே அசெம்பிளி லைன் போட்டார்கள். மாதத்துக்கு லட்சம் பல்பு செய்த நாடு மாதத்துக்கு நான்கு கோடி செய்கிற நாடானது என்பது அரசு சொல்கிற கணக்கு. சிப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே நடந்தது கோர்ப்பு வேலை.

பணம் வாங்குகிற முறையும் கூடவே மாறியது. 2015 ஜனவரி 5ஆம் தேதி டெல்லியில் பிரதமர் திட்டத்தைத் தேசிய அளவில் தொடங்கி வைத்தபோது அறிவித்தது இப்படி: முதலில் பத்து ரூபாய், பிறகு பன்னிரண்டு மாதம் கரன்ட் பில்லோடு பத்துப் பத்து ரூபாய், மொத்தம் 130. மின்துறை தவணை கட்டியது போய் வீட்டுக்காரரே தவணை கட்டுகிற நிலை வந்தது. அந்த வருஷ நடுவிலேயே கொள்முதல் விலை எண்பதுக்குக் கீழே வந்துவிட்டது. எண்பது ரூபாய்க்கு எதற்குத் தவணை? கவுன்டரில் பணத்தைக் கொடு, பல்பை வாங்கு. கடைசியில் 9 வாட் பல்பு 70 ரூபாய், எல்இடி ட்யூப்லைட் 220 ரூபாய் என்று கடை போல நடந்தது. மூன்று வருஷ உத்தரவாதம் உண்டு. அரசு மானியம் ஒரு பைசா இல்லாமல் இது நடந்தது என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் நியாயம் உண்டு.

ஆனால் இந்த மாற்றத்தின் நடுவில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நழுவியது. பல மாநிலங்களில் பழைய பல்பைக் கொண்டு வா என்று யாரும் கேட்கவில்லை.

எண்ணிக்கையில் எரிகிற பல்பு

அரசு வெளியிடுகிற கணக்கின்படி 36.8 கோடி பல்புகளால் ஆண்டுக்கு மிச்சம் சுமார் 4,790 கோடி யூனிட். உச்ச நேரச் சுமையில் குறைவு 9,500 மெகாவாட்டுக்கு மேல். கரன்ட் பில்லில் மக்களுக்கு மிச்சம் ஆண்டுக்குச் சுமார் 19,000 கோடி ரூபாய்.

யூனிட்டைப் பல்பால் வகுத்துப் பாருங்கள். பல்புக்கு ஆண்டுக்கு 130 யூனிட் வருகிறது. 60 வாட் போய் 9 வாட் வந்தால் மிச்சம் 51 வாட். அதில் 130 யூனிட் சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்பும் தினமும் ஏழு மணி நேரம், வருஷம் 365 நாளும் எரிய வேண்டும். வராண்டா பல்பு எரியலாம். படுக்கையறை, சாமி அறை, குளியலறை, மாடிப்படி? எங்கள் வீட்டு மாடிப்படி விளக்கு நாளுக்கு இருபது நிமிஷம் எரிந்தால் அதிகம்.

இன்னொன்று. எல்இடி போன இடத்தில் இருந்தது குண்டு பல்பு என்பதற்கு என்ன உறுதி? 2015, 2016இல் நகரத்து வீடுகளில் பல சாக்கெட்டுகளில் சிஎஃப்எல் ஏறியிருந்தது. 14 வாட் சிஎஃப்எல்லை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி போட்டால் மிச்சம் ஐந்து வாட், அவ்வளவுதான். சிலர் இரண்டு, மூன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்திருப்பார்கள். எங்கள் சித்தி அப்படி வைத்திருந்தார், மலிவாகக் கிடைத்ததே என்று. அந்தப் பல்பும் தினமும் ஏழு மணி நேரம் எரிவதாகத்தான் அரசுக் கணக்கில் இருக்கும்.

இதனால் மொத்தமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பாதியாக வெட்டினாலும் 2,400 கோடி யூனிட் என்பது சாதாரண எண் இல்லை. கடை விலையே நூறு ரூபாய் அளவுக்கு இறங்கி, திட்டத்துக்கு வெளியே கோடிக்கணக்கில் எல்இடி விற்றதை அரசுக் கணக்கு சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் நிஜ மிச்சம் ஒருவேளை அறிவித்ததைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். என் குறை வேறு. புதுச்சேரியில் பழைய பல்பைக் கையில் வாங்கியதால், மாற்றியது எது என்று தெரிந்தது. பிறகு விற்றதை மட்டும் எண்ணினார்கள்.

தெருவுக்கு வந்தபோது

வீட்டுப் பல்போடு ஒரே நாளில், 2015 ஜனவரி 5இல், தெருவிளக்குத் திட்டமும் தொடங்கியது. அதன் முதல் பெரிய களம் விசாகப்பட்டினம். 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் அந்த நகரத்தைப் புரட்டிப் போட்டது. கம்பங்கள் சாய்ந்தன, நகரம் இருளில் கிடந்தது. எப்படியும் தெருவிளக்கைப் புதிதாகப் போட்டாக வேண்டும், அதை எல்இடியாகவே போடலாமே என்று முடிவெடுத்தார்கள். சில மாதங்களில் 90,000க்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகள் ஏறின.

தெருவிளக்கில் மிச்சம் இன்னும் கண்ணுக்குத் தெரியும். 150 வாட் சோடியம் விளக்கின் இடத்தில் 70 வாட் எல்இடி போதும். சோடியத்தில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற பலாஸ்ட் என்ற பாகம் தின்கிற மின்சாரமும் தனி. தவிர, சோடியம் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், எதிர்வீட்டு மாடிக்கும் வானத்துக்கும் போகும். எல்இடியின் ஒளி பெரும்பகுதி கீழே சாலையில் விழும். ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியிலும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வைத்து, எந்த வரிசை எரிகிறது, எது பகலிலும் எரிகிறது என்று அலுவலகத்திலிருந்தே பார்க்கவும் வழி செய்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவிளக்கு எரிவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை புரியும்.

2017 ஜனவரியில் தெற்கு டெல்லி மாநகராட்சியின் இரண்டு லட்சம் விளக்குகள். பிறகு ஒவ்வொரு மாநிலமாகப் பரவி நாடு முழுக்க 1.3 கோடிக்கும் மேல். இங்கேயும் அதே வித்தைதான்: முதலீட்டை இஇஎஸ்எல் போடும், ஏழு வருஷம் பராமரிக்கவும் செய்யும், நகராட்சி கரன்ட் பில்லில் மிச்சமாவதிலிருந்து தவணை கட்டும்.

இங்கேதான் வண்டி மக்கர் செய்தது. வீட்டுக்காரர் கையில் எழுபது ரூபாயை வாங்கிவிட்டால் கணக்கு அன்றே தீர்ந்தது. நகராட்சி அப்படி இல்லை. பல ஊர்களில் தெருவிளக்குக்கு மீட்டரே கிடையாது. கம்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தோராயக் கட்டணம். பல உள்ளாட்சிகள் அந்தக் கட்டணத்தையும் வருஷக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும். கட்டாத பில்லில் பாதி குறைந்தால் கையில் என்ன மிச்சமாகும்? ஒன்றும் ஆகாது. தாளில் மிச்சம் இருந்தது, பெட்டியில் பணம் இல்லை. பல மாநிலங்களின் உள்ளாட்சிகளிடம் இஇஎஸ்எல்லுக்கு வர வேண்டிய பாக்கி ஆயிரக்கணக்கான கோடிகளாக ஏறியது. பாக்கி ஏறினால் பராமரிப்பு படுக்கும். எரியாத எல்இடிக்கும் எரியாத சோடியத்துக்கும் என்ன வித்தியாசம்?

வெளிச்சத்தின் நிறத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தெருவில் ஏறியது பெரும்பாலும் நீலம் கலந்த பளீர் வெள்ளை. அதில் வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் லூமென் கிடைக்கும், டெண்டரில் மதிப்பெண் கூடும். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தெருவிளக்குக்கு 3,000 கெல்வினுக்கு மேல் போகாதீர்கள், இரவு நேர நீல ஒளி தூக்கத்தைக் கெடுக்கும் என்று அறிவுறுத்தியது. அதாவது மஞ்சள் பக்கம் சாய்ந்த வெள்ளை. நம் ஊர் டெண்டர்களில் இது ஒரு விஷயமாகவே பேசப்படவில்லை. சோடியத்தின் மஞ்சளில் தூங்கிய திண்ணைகளெல்லாம் இன்று ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கின்றன.

தமிழ்நாட்டில் ஏன் குறைவு

உஜாலா பல்புகளில் குஜராத் நான்கு கோடிக்கும் மேல் வாங்கியது. தமிழ்நாட்டில் நாற்பது லட்சத்துச் சொச்சம்தான். பக்கத்துப் புதுச்சேரியில் பிறந்த திட்டம் எல்லை தாண்ட மூன்று வருஷம் ஆனது. 2017இல்தான் இங்கே சூடு பிடித்தது. தபால் நிலையங்களில் வைத்து விற்றார்கள். மணியார்டர் கவுன்டருக்குப் பக்கத்தில் பல்பு பெட்டியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

தமிழ்நாடு எல்இடியில் பின்தங்கியது என்று இதை வைத்து முடிவு கட்டினால் தப்பு. என் பார்வையில், இங்கே எல்இடியை வீட்டுக்குள் கொண்டு வந்தது எந்தத் திட்டமும் இல்லை, 2012இன் பவர் கட். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லாத நாட்கள் அவை. முடிந்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். இன்வெர்ட்டர் வாங்கியவர் அடுத்து பார்ப்பது பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை. 60 வாட்டில் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும் பேட்டரி, 9 வாட்டில் ராத்திரி முழுக்க நிற்கும். அந்தக் காலத்தில் இன்வெர்ட்டர் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன்கள்தான் வீடு வீடாகக் குண்டு பல்பைக் கழற்ற வைத்தார்கள். இன்னொரு பக்கம் 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம் என்று ஆனதும், யூனிட்டை எண்ணி மிச்சம் பிடிக்கும் ஆர்வம் சின்ன வீடுகளில் இன்னும் குறைந்தது. இலவசமாக வருவதில் எதை மிச்சம் பிடிப்பது?

திரும்பி வந்த பத்து ரூபாய்

2021 மார்ச்சில் பீகாரின் ஆராவில் கிராம உஜாலா என்று இன்னொரு சுற்றைத் தொடங்கினார்கள். கிராமத்து வீடுகளுக்கு மட்டும். பத்து ரூபாய் கொடு, எரிகிற குண்டு பல்பைக் கொடு, எல்இடியை வாங்கிக்கொள். மீதிச் செலவுக்கு? கார்பன் சான்றிதழ்! பச்சத் லேம்ப் யோஜனாவைக் கவிழ்த்த அதே கார்பன் சந்தை. ஐந்து மாநிலங்களில் ஒரு கோடி பல்பு வரை போனது. கார்பன் சான்றிதழ் வாங்குகிறவர், எது மாற்றப்பட்டது என்பதற்குச் சாட்சி கேட்பார் அல்லவா? அதனால் பழைய பல்பை மறுபடி கையில் வாங்க வேண்டியிருந்தது. ஏழு வருஷம் கழித்துப் புதுச்சேரிக்கே சுற்றி வந்து நின்றார்கள்.

மின்விசிறியிலும் இதே முறையை முயன்றார்கள். 75 வாட் விசிறிக்குப் பதில் 50 வாட் விசிறியை ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்றதில், போனது 23 லட்சம் அளவுக்குத்தான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த 28 வாட் பிஎல்டிசி விசிறிகள் ஒரு கோடி வாங்க 2023இல் தனித் திட்டம் அறிவித்தார்கள். பல்பு விலை விழுந்த மாதிரி விசிறி விலை விழாது என்பது என் கணிப்பு. பல்பின் உயிர் சிப்பில் இருக்கிறது, சிப் வருஷா வருஷம் மலிவாகும். விசிறியில் தாமிரக் கம்பியும் காந்தமும் இரும்பும் இருக்கின்றன. கோடிக்கணக்கில் வாங்கினாலும் தாமிரம் தாமிர விலைதான்.

மேசை மேல் ஒரு பல்பு

இதை எழுதத் தொடங்கியபோது வீட்டில் செத்துப் போன 9 வாட் பல்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். தெருமுனைக் கடையில் வாங்கியது. அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பதிமூன்று வருஷத்துக்கு மேல் வரும் கணக்கு. எங்கள் வீட்டில் வந்தது ஒன்றரை வருஷம்.

மேல் மூடி பால் வெள்ளைப் பிளாஸ்டிக், கத்தி முனையை விட்டு நெம்பினால் கழன்று வருகிறது. உள்ளே வட்டமான ஒரு அலுமினியத் தகடு, அதன் மேல் மஞ்சள் பொட்டு வைத்த மாதிரி ஒன்பது சிப். நடுவில் ஒரு ஐசி, ஓரத்தில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். சிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தைச் சீராக்குகிற டிரைவர் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் அந்தத் தகட்டிலேயே. 2014இல் வந்த எல்இடி பல்புகள் கையில் கனக்கும், கழுத்தைச் சுற்றி வரி வரியாக அலுமினிய வார்ப்பு இருக்கும். அது அழகுக்காக இல்லை, சூட்டை வெளியே கடத்த. விலை குறைந்த கதையில் ஒரு பகுதி இதுதான்: அலுமினியம் மெலிந்து மெலிந்து பிளாஸ்டிக்குக்குள் ஒரு தகடாகிவிட்டது. எல்இடிக்குச் சூடு ஆகாது. மூடின கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டினால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

பாதரசம் இருப்பதால் சிஎஃப்எல் 2016இலேயே மின்கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டது. ஆனால் செத்த எல்இடி பல்பைத் திரும்பக் கொடுக்க எங்கள் தெருவில் ஒரு இடமும் எனக்குத் தெரியாது. பழைய பேப்பர்காரரிடம் கேட்டேன். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடப்பதைப் பிரிக்கிற கூலி அதில் கிடைக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பக்கத்துத் தெருவில் மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் சரி பண்ணுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒரு பார்வை பார்த்தார்.

"இதோ பாருங்க சார், இந்தப் பொட்டுல மட்டும் கறுப்பா ஒரு புள்ளி. இது ஒண்ணுதான் அவுட். எல்லாம் சீரியல் செட் மாதிரி ஒரே வரிசை, ஒண்ணு போனா எல்லாமே போயிடும்."

அந்தச் சிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு சொட்டு ஈயத்தைப் பாலம் மாதிரி வைத்தார். மாட்டிப் பார்த்தால் எரிகிறது, எட்டுப் பொட்டோடு.

"எத்தனை நாள் வரும்ணே?"

"ஐசி கொஞ்சம் சூடாகும் சார். ஆறு மாசம் வந்தா லாபம்."

இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். கூடத்தில் ஏற்கெனவே புதுப் பல்பு மாட்டியாகிவிட்டது. இதைக் கொல்லைப்புறத்தில் மாட்டினேன்.